‘அது நடக்காதும்மா’ என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். சிங்கப்பூரில் நடந்த என் விவாகரத்து வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்ததும் முறுக்கும் அதிரசமும் செய்து எடுத்துப்போய் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். “இந்த ஊரில் எந்த அரசாங்க ஊழியர் உன் அதிரசத்தைத் தொடுவார்?” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டார். அதனால் இந்த மடல். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயர் உட்பட. படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

அந்த மாதங்களில் ஆறுதலுக்குப் பஞ்சமே இல்லை. “பிள்ளைங்க அம்மாவுக்குத்தான், எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அதுதான் சட்டம்” என்று தேக்காவில் காய்கறி வாங்கும்போதுகூட ஒருவர் சொன்னார். கும்பகோணத்திலிருந்து அண்ணன், “பேசாம புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் திருச்சிக்கு ஃபிளைட் ஏறு, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். எல்லாம் பாசத்தில் சொன்னதுதான், அவர்களுக்கும் நன்றி. ஆனால் வழக்கு முடிந்து திரும்பிப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் உதவியவர்கள், “அது நடக்காதும்மா” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள்தான். இந்த மடல் முக்கியமாக அவர்களுக்கு.

முதலில் ஓர் அக்கா. கடையநல்லூர் முஸ்லிம் குடும்பம், சிங்கப்பூரிலேயே பிறந்தவர். அவரும் விவாகரத்து ஆனவர் என்பதால் அவரிடம்தான் முதலில் ஓடினேன். “என்னோடது ஷரியா நீதிமன்றத்தில நடந்தது. உனக்கு முஸ்லிம் அல்லாதவங்க விவாகரத்துக்கான மாதர் சாசனச் சட்டம், குடும்ப நீதிமன்றம். என் அனுபவத்தை வச்சு உனக்கு யோசனை சொன்னா தப்பாயிடும்” என்று சொல்லிவிட்டு, மறுநாளே வேலைக்கு விடுப்பு எடுத்து என்னைக் குடும்பச் சேவை நிலையத்துக்குக் கூட்டிப் போனார். நம் ஆட்களிடம் ஒரு பிரச்சினையைச் சொன்னால் தெரியாது என்ற பதில் மட்டும் வராது. அக்காவிடம் வந்தது.

குடும்பச் சேவை நிலையத்தில் இருந்த தமிழ் பேசும் சமூக சேவையாளர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல அடி, மிரட்டல் ஏதாவது உண்டா?” இருந்தால் வழியே வேறு, முதலில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க வேண்டும், குடும்ப வன்முறைக்கான 1800-777-0000 என்ற உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம் என்றார். எங்கள் வீட்டில் அது இல்லை. சண்டை உண்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு, அவ்வளவுதான். இதை இங்கே எழுதுவது, படிக்கிற யாருக்காவது அந்த எண் வேண்டியிருக்கலாம் என்பதற்காக.

அடுத்து, சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனைக்கு வந்திருந்த இளம் வழக்கறிஞருக்கு. இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு ஏற்பாடு செய்யும் ஆலோசனை அது. வேலை முடிந்து டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார் தம்பி. ஆளுக்குச் சுமார் 20 நிமிடம்தான், வழக்கை அவர் எடுத்து நடத்தமாட்டார், பொதுவான ஆலோசனை மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் பிள்ளைகளின் அப்பாவைப் பற்றி நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். “பிள்ளைகளை யார் பள்ளியில் விடுகிறீர்கள்? காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது? நீங்கள் வேலைக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது?” இதையெல்லாம் கேட்டார். நோட்டில் அதற்கெல்லாம் ஒரு வரி பதில் இல்லை.

கஸ்டடி முழுக்க எனக்கே வேண்டும் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அந்த வாக்கியம்: “அது அநேகமாக நடக்காது அக்கா.” இங்கே கஸ்டடி என்றால் பள்ளி, மதம், பெரிய மருத்துவச் சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னதிலிருந்து அது பெரும்பாலும் அப்பா அம்மா இருவருக்கும் கூட்டாகத்தான் போகிறதாம். பிள்ளைகள் அன்றாடம் யாருடன் இருப்பது என்பது கேர் அண்ட் கன்ட்ரோல். மற்றவர் வந்து பார்ப்பதும் கூட்டிப்போவதும் ஆக்சஸ். “நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது. முதலாவதுக்குச் சண்டை போட்டால் காசும் காலமும் போகும்” என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன், எதற்குப் போராடுகிறேன் என்று ஒரு வழியாகத் தெரிந்ததால் இருக்கலாம்.

லீகல் எய்ட் என்று எல்லாரும் சொல்லும் சட்ட உதவிப் பிரிவுக்கு என்னை அனுப்பியதும் அந்தத் தம்பிதான். 1958இலிருந்து இயங்குகிறது, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் உண்டு, நான் நிரந்தரவாசி. வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வழக்கில் எதிரே நிற்பவர் கணவர்தான் என்றால் அவருடைய சம்பளத்தை நம் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைத் தெரியாமல், “என் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், எனக்குக் கிடைக்காது” என்று பேசாமல் இருந்துவிட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வருமானம் பொருந்தினால் மட்டும் போதாது, வழக்கில் நியாயம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். முழுக்க இலவசம் என்றும் இல்லை, அவரவர் வசதிக்கு ஏற்பக் கொஞ்சம் கட்டச் சொல்லலாம். கவுண்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு தாளையும் பொறுமையாகச் சரிபார்த்து, விட்டுப்போனதை எழுதிக் கொடுத்தார். என் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் அவசரப்படவில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் அம்மாவைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை முதல் இருவரும் ஒத்துக்கொண்டு விவாகரத்துக் கேட்கலாம், யார் மீதும் குற்றம் சாட்டி எழுத வேண்டியதில்லை என்று முதலில் விளக்கியவர் அவர். முன்பெல்லாம் கள்ளத்தொடர்பு, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, கைவிட்டுப் போனது, ஆண்டுக்கணக்கில் பிரிந்திருப்பது என்று ஏதாவது ஒன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது. என் நோட்டுப் புத்தகத்துக்கு அங்கேயும் வேலை இல்லாமல் போனது. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. பிள்ளைகளின் அப்பா பக்கத்துக்கும் வழக்கறிஞர், என் பக்கத்துக்கும் வழக்கறிஞர். சிக்கல் எல்லாம் கும்பகோணத்தில்தான் இருந்தது.

நான் பிள்ளைகளோடு ஊருக்கே போய்விட விரும்பினேன். அம்மா அங்கே இருக்கிறார், சொந்த வீடு இருக்கிறது. வழக்கறிஞர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கேட்கலாம். ஆனா நடக்காதும்மா.” பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு நாடு மாற விரும்பினால், இங்கே தங்கிவிடும் மற்றவரோடு பிள்ளைக்கு உள்ள உறவு என்ன ஆகும் என்பதை நீதிமன்றம் கனமாக எடை போடும் என்றும், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனடாவுக்குப் போக விரும்பிய ஒரு தாய்க்கு அனுமதி மறுத்ததையும் எடுத்துச் சொன்னார். எங்கள் பிள்ளைகள் அப்பாவோடு ஞாயிறு தோறும் பந்து விளையாடப் போகிறவர்கள். எனக்கு அதற்குப் பிறகு கேட்கத் தோன்றவில்லை.

சரி, அடுத்த கேள்வி: விடுமுறைக்காவது போகலாமா? அதற்குத்தான் பிள்ளைகளின் அப்பா மறுத்துக்கொண்டே இருந்தார். பிடிவாதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குடும்ப நீதிமன்றத்தில் 21 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கும் தம்பதியருக்கு ஆலோசனையும் சமரசப் பேச்சும் கட்டாயம். அங்கே பேசுவது பிறகு வழக்கில் நமக்கு எதிராக வராது என்பதால் மனம்விட்டுப் பேசலாம். சமரசம் பேசிய நீதிபதி அவரிடம் நேராகவே கேட்டார், “எதற்குப் பயப்படுகிறீர்கள்?” “போனால் திரும்பி வரமாட்டாள்” என்றார்.

அந்தப் பயத்தில் அர்த்தம் இருந்தது. பிள்ளையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் திருப்பி அனுப்ப வைக்கும் ஹேக் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் அது 2011இலிருந்து நடப்பில் உள்ளது. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே பிள்ளைகள் அங்கே போய்த் தங்கிவிட்டால் அந்த வழியே அவருக்குக் கிடையாது. அவர் வழக்கறிஞர் அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார், பாவம், அவர் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார். மறுபக்கம், கேர் அண்ட் கன்ட்ரோல் கிடைத்தவர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வருவதாக இருந்தால் பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போகச் சட்டமே இடம் கொடுக்கிறது, அதற்கு மேல் என்றால்தான் மற்றவரின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும் என்றும் நீதிபதி விளக்கினார். நான் நினைத்த அளவு நான் கட்டுண்டும் இல்லை, அவர் நினைத்த அளவு நான் அவிழ்த்துவிடப்பட்டும் இல்லை.

அங்கிருந்து பேச்சு மாறியது. யார் நல்லவர் என்ற இடத்திலிருந்து எந்த டிக்கெட் என்ற இடத்துக்கு வந்தோம். போகவர டிக்கெட்டின் நகலை முன்கூட்டியே அவருக்கு அனுப்புவது. அம்மா வீட்டு முகவரி, அண்ணன் எண், சித்தி எண் எல்லாம் கொடுப்பது. பாஸ்போர்ட் அவரிடம் இருக்கும், பயணத்துக்கு முன் வாங்கிக்கொண்டு திரும்பியதும் கொடுப்பது. இந்திய நேரம் மாலையில் வீடியோ அழைப்பு. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. இதையெல்லாம் ஆணையில் எழுதி வாங்கிய அந்த நீதிபதிக்கு என் நன்றி. தமிழ்க் குடும்பத்தில் எண்ணெய்க் குளியல் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார்.

பிள்ளைகளிடம் தனியாகப் பேசிய நீதிமன்ற ஆலோசகருக்கும் ஒரு சொல். “யாரோட இருக்க ஆசை?” என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று மகள் வந்து சொன்னாள். எங்கள் உறவினர் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் யார்?

மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கு. ஆங்கிலம் எனக்குப் புரியும், ஆனால் கோபம் வந்தால் தமிழில்தான் பேச வரும். நான் சொன்னதை இனிப்பாக்காமல், காரமும் சேர்க்காமல் அப்படியே சொன்னீர்கள். என் அஃபிடவிட்டை, அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலத்தை, வரிவரியாகத் தமிழில் வாசித்துக்காட்டி, “இதுதானே சொல்ல வந்தீங்க?” என்று கேட்டபோது, இல்லை என்று நான் ஓரிடத்தில் சொன்னேன். முகம் சுளிக்காமல் திருத்த ஏற்பாடு செய்தீர்கள்.

விவாகரத்து மனு போடுவதற்கு முன் பிள்ளைகள் உள்ள பெற்றோர் கட்டாயம் முடிக்க வேண்டிய இணைப்பெற்றோர் வகுப்பு ஒன்று உண்டு. கட்டாயம் என்றதும் எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். அதை நடத்திய அக்காவும் எனக்கு ஒரு ‘நடக்காது’ சொன்னார்: “அப்பாவைப் பத்திப் பிள்ளை காதில எதுவும் விழாம பார்த்துப்பேன்னு சொல்றீங்க. வீவக அடுக்குமாடி வீட்ல அது நடக்காதும்மா. ஃபோன்ல உங்க அண்ணன்கிட்ட பேசுறதை முதல்ல நிறுத்துங்க.” நிறுத்தினேன். அண்ணனுக்கு இன்னும் கோபம்.

வகுப்பாசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் நன்றி. மகன் தொடக்கநிலை மூன்றில் திடீரென்று வீட்டுப்பாடம் எழுதாமல் போனபோது, காரணம் கேட்டு என்னைக் குடையாமல் அவனுக்குக் கால அவகாசம் கொடுத்தீர்கள். மாணவர் பராமரிப்பு நிலையத்தில் மாலை ஏழு மணிவரை அவர்களை வைத்திருந்த அனைவருக்கும் நன்றி.

பிள்ளைகளின் அப்பாவுக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஜீவனாம்சம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. தவறினால் பண விவரங்களைத் திரட்டிச் சமரசம் பேச 2025 முதல் தனி அதிகாரிகளே இருக்கிறார்களாம், அவர்களைப் பார்க்கும் வேலையை எனக்கு வைக்கவில்லை. அதைவிட, ஜூன் விடுமுறையில் நாங்கள் கும்பகோணம் கிளம்பியபோது பாஸ்போர்ட்டை நீங்களே சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. சொன்ன தேதியில் திரும்பி வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

கடைசியாக, கிளினிக்கில் என் மேலாளருக்கு. நீதிமன்றத் தேதிகளுக்கெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தீர்கள். இனி சனிக்கிழமைகளில் பிள்ளைகள் அப்பா வீட்டில் இருப்பார்கள். அந்த நாள் ஆள் பற்றாக்குறை என்று சொன்னீர்களே, அடுத்த மாதப் பட்டியலில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்டாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து,
இரண்டு பிள்ளைகளின் அம்மா