அந்த எண்களை மாற்றாதே

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். உன் வகுப்புக் கண்காட்சி நெருங்கிவிட்டது என்று அவன் சொல்லித்தான் தெரியும்.

அதனால் மின்சார விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு நீ செய்த விளக்கின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தக் காகித உருண்டைக்குள் இருக்கும் பட்டையில் முப்பது எல்.இ.டி. எண்ணினேன். ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். முப்பதுக்கு 1.8 ஆம்பியர். கணினியின் சாதாரண யு.எஸ்.பி. துளை 500 மில்லி ஆம்பியருக்குத்தான் கணக்கு. தனியாக 5 வோல்ட் சப்ளை வைத்துக்கொள். வைத்தால் அதன் கிரவுண்டையும், அதாவது மைனஸ் கம்பியையும், விளக்கை இயக்கும் போர்டின் கிரவுண்டையும் சேர்த்து இணைத்துவிடு. இணைக்காவிட்டால் பட்டை கண்டபடி மின்னும், நீ நிரலில் தப்புத் தேடிக்கொண்டிருப்பாய். பேட்டரி என்றால் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே. தூங்குகிறாய்தானே? அந்த வீடியோ வந்த நேரம் அதிகாலை மூன்றேகால்.

வகுப்பு ஆரம்பித்த புதிதில் எவ்வளவு பேசினாய்! எழுத்து கூடாது, ஒலி கூடாது, வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் உணர்வு போய்ச் சேரவேண்டும், அதுதான் பயிற்சி என்றாய். உன்னோடு படிக்கும் பையன் ஒருவன் ஒரே விளக்கை ஏற்றி இறக்கிக் காட்டினான் என்றாய். நிமிடத்துக்கு 12 தடவை என்றால் யாரோ தூங்குகிற மாதிரி இருந்ததாம், அதையே 30 ஆக்கியதும் யாரோ ஓடிவந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டதாம். நிரலில் ஓர் எண்தான் மாறியது என்று நீ வியந்து சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். என் பழைய அலுவலக நண்பர்களிடமும் சொன்னேன். நல்ல வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போகிறாயே என்று நான் கத்தியதைக் கேட்டவர்கள்தான் அவர்களும்.

எனக்கு விளக்கு என்றால் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பது. முப்பத்தொரு வருடம் அதைத்தான் பார்த்தேன். பச்சை எரிந்தால் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் பழுது, எதுவும் எரியாவிட்டால் ஃபியூஸைப் பார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சமான நீல எல்.இ.டி.யே கிடையாது. அது 1993இல்தான் வந்தது. நீலம் வந்ததால்தான் உன் உருண்டைக்குள் இருக்கிற மாதிரி வெள்ளை வந்தது. 2014இல் அதற்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். எங்கள் பலகைக்கு அந்த நீலமும் வந்தது, ஆனால் அதற்கும் ஓர் அர்த்தம் எழுதி ஒட்டிவிட்டோம். எழுதி ஒட்டாத விளக்கை நான் பார்த்ததே இல்லை.

அதனால்தான் உனக்கு அப்படி ஒரு பதில் போட்டேன். கை நெருங்க நெருங்க உன் விளக்கு மங்கிக்கொண்டே போய் அணைந்தது. நான் உடனே எழுதினேன்: “மதிப்புகள் தலைகீழாக இருக்கின்றன. அணைவதற்கான 0, முழு வெளிச்சத்துக்கான 255 இடம் மாறிவிட்டது. கிட்டே வந்தால் வெளிச்சம் கூடவேண்டும். சால்டரிங்கும் சரியில்லை.” அவ்வளவுதான் எழுதினேன். நீயும் “சரிப்பா, மாத்திடறேன்” என்றாய். இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் ஒரு வரி போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அம்மா தினமும் உன் பெயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள்.

மாற்றிவிட்டாயா?

நான் சும்மா இருக்கவில்லை பாப்பா. நீ இங்கே விட்டுப்போன பழைய ஆர்டுயினோ போர்டை, நிரல் எழுதி ஓட்டுகிற அந்தச் சின்னப் பலகையை, எடுத்தேன். ஒரு வெள்ளை எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர், ஒலி அனுப்பித் தூரம் அளக்கிற ஓர் அல்ட்ராசோனிக் சென்சார். ஒலி போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோ விநாடி என்று கணக்குப் போட்டு, தூரம் குறைந்தால் வெளிச்சம் குறையும்படி எழுதினேன். நீ எழுதியிருப்பாய் என்று நினைத்தபடியே. வேலை செய்தது, ஆனால் உன்னுடையது மாதிரி இல்லை. உன்னுடையது வழவழவென்று இருட்டுக்குள் போனது. என்னுடையது கடைசிப் படிகளில் குதித்தது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 255இல் பாதி 128, ஆனால் கண்ணுக்கு அது பாதி வெளிச்சமாகத் தெரிவதில்லை, ரொம்பவே கூடத் தெரிகிறது. மங்கலில் சின்ன மாற்றத்தைக்கூடக் கண் பிடித்துவிடும். அதற்காக ஒரு வளைவைக் கணக்கில் சேர்க்கவேண்டும். நீ சேர்த்திருக்கிறாய். அணைகிற கடைசி நொடிக்காக இவ்வளவு பாடுபட்டவள் 0ஐயும் 255ஐயும் மாற்றிப் போட்டிருப்பாளா? அது எனக்கு அன்றே தோன்றியிருக்கவேண்டும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினேன், அணைந்தது. மறுபடி நீட்டினேன், மறுபடி அணைந்தது. அந்த இருட்டில் எனக்கு உன் அறைக்கதவு ஞாபகம் வந்தது.

கதவுக்குக் கீழே கோடு மாதிரி வெளிச்சம் தெரியும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அணைந்துவிடும். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. பயம் இருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். இத்தனை வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அட்டை வீட்டுக்கு அப்புறம்தானே அப்படி ஆனது? நீ ராத்திரி கண்விழித்து ஒட்டிய வீடு. எட்டு பல்பையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கட்டியிருந்தாய், மங்கலாக எரிந்தது. நீ தூங்கின பிறகு நான் எல்லாவற்றையும் பிரித்துப் பக்கவிணைப்பில் கட்டினேன். பளிச்சென்று எரிந்தது. காலையில் நீ பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாய். அவசரத்தில் மறந்துவிட்டாய் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். மறக்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் மங்கலான வெளிச்சம்தான் உனக்கு வேண்டியிருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. தப்பு என்னுடையது பாப்பா.

அதனால் மாற்றாதே. மாற்றியிருந்தால் பழையபடி வைத்துவிடு. கண்காட்சியில் யாராவது தலைகீழாக இருக்கிறதே என்று சொன்னாலும் மாற்றாதே. சால்டரிங்கை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள். கிரவுண்டை இணைத்துவிடு. நேரத்துக்குத் தூங்கு.

இன்னொன்று கேட்கவேண்டும். உன் வீடியோவில் கை விலகிய பிறகு விளக்கு உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்துவிட்டு, அப்புறம் மெல்ல வந்தது. என்னுடையது கையை எடுத்ததும் பட்டென்று வந்துவிடுகிறது, பார்க்க நன்றாக இல்லை. காத்திருப்பதற்கு டிலே என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், அந்த நேரத்தில் கை திரும்ப வந்தாலும் போர்டு கவனிப்பதில்லை. போர்டு ஓடிய நேரத்தைச் சொல்கிற மில்லிஸ் வைத்து எழுதவேண்டும் என்கிறார்கள், எனக்குச் சரியாக வரவில்லை. நீ எத்தனை விநாடி விட்டிருக்கிறாய்? எப்படி எழுதினாய்? நேரம் இருக்கும்போது சொல்லு. எப்போது கூப்பிட்டாலும் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா