மோதிரத்த வச்சு வைட் ரிசீவர அளக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல என்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோட வைட் ரிசீவர்கள், அதாவது எறியற பந்த ஓடிப் போயி பிடிக்கறவங்க, அவங்க பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ்ப் பேப்பர்ல அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அரைப்பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு தேங்க்ஸ். ஆனா ஒவ்வொருத்தர் பேருக்கு எதிர்லயும் சூப்பர் பவுல் ஃபைனல்ல ஜெயிச்சா குடுக்கற மோதிரம் எத்தனன்னு போட்டு, அத வச்சே வரிசைப்படுத்தி, லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு நேரா ஒரு முட்டைய போட்டு, கோப்பை இல்லாத கெரியர்னு ஒத்த வரில முடிச்சிட்டீங்க. 17 சீசன் ஒரே டீமுக்கு ஆடுன மனுஷன் சார் அவரு.

வைட் ரிசீவரோட பொழப்பே அடுத்தவன் கைய நம்பி இருக்கற பொழப்பு. ஓரத்துல நின்னு, ஸ்னாப் ஆனதும் (பந்த பின்னாடி குடுத்து ஆட்டத்த தொடங்குனதும்) ஓடி, தன்ன மார்க் பண்றவன ஏமாத்திட்டு தனியா வெளிய வந்தாலும், முன்னாடி நிக்கற லைன்மேன்கள் ரெண்டு மூணு செகண்டு தாக்குப்பிடிச்சா தான் பந்த எறியற குவார்ட்டர்பேக்கால நிமிர்ந்து பாக்கவே முடியும், பாத்தாலும் இவர தான் பாக்கணும்னு இல்ல, பாத்து எறிஞ்சாலும் பந்து தலைக்கு மேல போயிரலாம். கிரிக்கெட்ல எவ்வளவு சுமாரான டீமா இருந்தாலும் பேட்ஸ்மேனுக்கு பந்து வந்தே தீரும், இங்க ஒருத்தர் மேட்ச் முழுக்க ரூட்ட கரெக்டா ஓடிட்டு பந்த தொடாமலே வீட்டுக்குப் போலாம். அவர்கிட்ட போய் டீம் ஏன் ஜெயிக்கலன்னு கணக்கு கேட்டா எப்படி?

ஃபிட்ஸ்ஜெரால்ட் மினியாபொலிஸ்காரர். அப்பா ஸ்போர்ட்ஸ் எழுதுறவரு, பையன் மினசோட்டா வைக்கிங்ஸ்ல பால் பாயா இருந்தாரு, அப்போ அங்க ரிசீவரா இருந்தவங்க கிரிஸ் கார்ட்டரும் ராண்டி மாஸும். இதவிட நல்ல ஸ்கூல் எங்க கிடைக்கும் சொல்லுங்க. அப்பறம் பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டில 2003-ல 92 கேட்ச், 1,672 யார்டு, 22 டச்டவுன் (பந்தோட எதிர் டீம் கோல்லைன தாண்டுறது), காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்கற ஹெய்ஸ்மன் விருது ஓட்டுல ரெண்டாவது இடம். காலேஜ் ஆட்டக்காரங்கள டீம்கள் வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல, 2004-ல, மூணாவது ஆளா அரிசோனா கார்டினல்ஸ் எடுத்துச்சு, எடுத்த கோச் டென்னிஸ் கிரீன், வைக்கிங்ஸ்ல இவரு பால் பாயா இருந்தப்ப கோச்சா இருந்த அதே ஆளு தான்.

அங்க தான் கதையே. கார்டினல்ஸ் கடைசியா சாம்பியன் ஆனது 1947-ல, அப்போ அது சிகாகோ டீம். அதுக்கப்பறம் 2008 சீசன் வரைக்கும் லீக் முடிஞ்சு நடக்கற நாக்அவுட் மேட்ச்கள்ல, அதான் பிளேஆஃப்ல, ஜெயிச்சதே ஒரே ஒரு மேட்ச். இவருக்கு பந்து எறிஞ்சவங்க லிஸ்ட்ட பாருங்க, ஜாஷ் மெக்கவுன், மேட் லைனார்ட், கர்ட் வார்னர், டெரக் ஆண்டர்சன், மேக்ஸ் ஹால், ஜான் ஸ்கெல்ட்டன், கெவின் கோல்ப், ரயன் லிண்ட்லி, கார்சன் பால்மர், டிரூ ஸ்டாண்டன், பிளெய்ன் கேபர்ட், ஜாஷ் ரோசன், கைலர் மர்ரி, இன்னும் சிலர விட்டுட்டேன். இதுல வார்னரும் பால்மரும் இருந்த வருஷங்கள கழிச்சிட்டு பாருங்க, என்ன மிச்சம்? வார்னர் ரிட்டயர் ஆனதும் வந்த 2010 சீசன்ல ஆண்டர்சன், ஹால், ஸ்கெல்ட்டன்னு மாத்தி மாத்தி ஆளப் போட்டாங்க, அப்பவும் இவரு 90 கேட்ச், 1,137 யார்டு. அடுத்த வருஷம் 1,411. 2012-ல தான் விழுந்தாரு, 798 யார்டு தான், ஆனா அது சியாட்டில்கிட்ட 58-0ன்னு தோத்த டீம், அதுக்கு மேல என்ன சொல்ல.

வேற டீமுக்கு போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போயிருக்கலாம் தான். கூடவே ஆடுன இன்னொரு ரிசீவர் ஆன்குவான் போல்டின் 2010-ல பால்டிமோருக்கு போனாரு, 2013 பிப்ரவரில மோதிரம் போட்டுக்கிட்டாரு. இவரு 2011-ல கார்டினல்ஸ் கூடவே 8 வருஷத்துக்கு 120 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாரு. தியாகம்னு நான் சொல்ல வரல, அவ்வளவு காச யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா நீங்க போட்ட டேபிள் படி போல்டின் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மேல வர்றாரே, போல்டினே அத ஒத்துக்குவாரான்னு எனக்கு சந்தேகம்.

சரி, கோப்பைக்கு பக்கத்துலயே வராத ஆளான்னு பாத்தா, அதுவும் இல்ல. 2008 சீசன் பிளேஆஃப்ப நீங்க ஒரு தடவ யூடியூப்லயாவது போட்டுப் பாக்கணும். லீக் மேட்ச்ல 9 ஜெயிச்சு 7 தோத்து எப்படியோ உள்ள வந்த டீம். அட்லாண்டாவோட 101 யார்டு, கரோலினாவோட 166, ஃபிலடெல்ஃபியாவோட 152 யார்டும் மூணு டச்டவுனும், அந்த மூணும் ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே. அப்பறம் டாம்பால பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கூட சூப்பர் பவுல். ஃபர்ஸ்ட் ஹாஃப் முடியற கடைசி பிளேல கோல்லைன் பக்கத்துலேர்ந்து வார்னர் எறிஞ்ச பந்த ஸ்டீலர்ஸ் ஆள் ஜேம்ஸ் ஹாரிசன் நடுவுல பிடிச்சு 100 யார்டு எதிர்ப்பக்கம் ஓடுனாரு இல்லையா, எல்லாரும் அந்த ஓட்டத்த தான் பாப்பாங்க. நீங்க ஃபிட்ஸ்ஜெரால்ட பாருங்க. கோட்டுக்கு வெளிய நின்ன சொந்த டீம் ஆள் மேல மோதி வேகம் போயி, அப்பவும் விடாம துரத்தி கோல்லைன்ல ஹாரிசன் மேல விழுறாரு, ஒரு எட்டு முன்னாடி பிடிச்சிருந்தா அந்த டச்டவுனே இல்ல, ஹாஃப் டைமும் ஆகியிருக்கும். கார்டினல்ஸ் கடைசில தோத்தது 27-23ன்னு, நாலு பாயிண்ட்ல.

ஃபோர்த் குவார்ட்டர்ல ரெண்டு டச்டவுன். ரெண்டாவது 64 யார்டு, நடுவுல பந்த வாங்கி, கடைசி காவலா நிக்கற ரெண்டு சேஃப்டிக்கும் நடுவுல புகுந்து ஒரே ஓட்டம், ஓடும்போதே யாராவது பின்னாடி வர்றாங்களான்னு ஸ்டேடியம் ஸ்கிரீன நிமிர்ந்து பாத்துக்கிட்டே போறாரு. ரெண்டரை நிமிஷம் தான் மிச்சம், கார்டினல்ஸ் லீட்ல இருக்காங்க. அப்பறம் பெஞ்ச்ல தான் உக்காந்திருக்க முடியும், ரிசீவருக்கு டிஃபன்ஸ்ல என்ன வேலை? அந்தப் பக்கம் ஸ்டீலர்ஸ் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் கொண்டு போயி, மூலையில சான்டோனியோ ஹோம்ஸ் கால்விரல் நுனில நின்னு பிடிச்ச கேட்ச்ல கோப்பை போச்சு. அந்த நாலு பிளேஆஃப் மேட்ச்லயும் சேத்து 30 கேட்ச், 546 யார்டு, 7 டச்டவுன். அந்த டிஃபன்ஸ் இன்னும் ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தா உங்க டேபிள்ல முட்டைக்குப் பதிலா ஒண்ணு இருந்திருக்கும், ஆனா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆடுன ஆட்டம் அதே ஆட்டம் தானே?

அதுக்கப்பறம் நடந்தது தான் எனக்கு இன்னும் பெருசா தெரியுது. 2013-ல ப்ரூஸ் ஏரியன்ஸ் கோச்சா வந்து இவர ஓரத்துலேர்ந்து உள்ள, லைன்மேன்களுக்கு பக்கத்துல இருக்கற ஸ்லாட்டுங்கற இடத்துக்கு மாத்துனாரு. பேர் வாங்குன ரிசீவருக்கு அது லேசுல ஜீரணமாகாது, ஏன்னா உள்ள வந்தா நீளப் பந்து கொறையும், அடி ஜாஸ்தியாகும், எதிர் டீம் டிஃபன்ஸ்ல இருக்கற லைன்பேக்கர்கள வழிமறிச்சு பிளாக் பண்ணணும், பந்தோட ஓடற ஓட்டம் எல்லாம் ரன்னிங் பேக்குக்கு, இவருக்கு ஸ்டாட்ஸ்ல ஒரு எழவும் ஏறாது. இவரு செஞ்சாரு. 2015-ல 109 கேட்ச், 2016-ல 107, அது லீக்லயே அதிகம், 2017-ல மறுபடியும் 109, வயசு 30 தாண்டி பல ரிசீவர்கள் ஒப்பந்தமே கிடைக்காம நிக்கற வயசுல. 2016 ஜனவரில கிரீன் பே கூட ஓவர்டைம்ல பால்மர் நாலு பக்கமும் ஆளுக்கு தப்பிச்சு எறிஞ்ச பந்த வாங்கி 75 யார்டு ஓடி, அதுக்கடுத்த ரெண்டாவது பிளேல டச்டவுனும் அவரே போட்டாரு.

மொத்தம் 263 மேட்ச், 1,432 கேட்ச், 17,492 யார்டு. ரெண்டு கணக்குலயும் அவருக்கு மேல இருக்கறது ஜெர்ரி ரைஸ் ஒருத்தர் தான். ரைஸ நான் கொறச்சு சொல்லல, அவர் எவன் எறிஞ்சாலும் பிடிச்சிருப்பாரு, ஆனா எறிஞ்சவங்க ஜோ மான்டனாவும் ஸ்டீவ் யங்கும், அதையும் பாக்கணும் இல்லையா. ஸ்டாட்ஸ் எடுக்கறவங்க கணக்குப்படி ஃபிட்ஸ்ஜெரால்ட் கெரியர்ல கைநழுவ விட்ட பந்த விட செஞ்ச டேக்கிள் (பந்தோட ஓடறவன பிடிச்சு கீழ தள்றது) தான் அதிகம். ரிசீவர் டேக்கிள் பண்றதுன்னா என்ன அர்த்தம், பெரும்பாலும் அவர் டீம் பந்து எதிராளி கைக்கு போயிருச்சுன்னு அர்த்தம். இந்த ஒரு கணக்கு போதும் சார் அவர் எந்த மாதிரி டீம்ல ஆடுனாருன்னு சொல்ல.

மோதிரம் தான் அளவுன்னா கார்ட்டருக்கும் இல்ல, மாஸுக்கும் இல்ல, டெரல் ஓவன்ஸுக்கும் இல்ல. கால்வின் ஜான்சன் 2012-ல 1,964 யார்டு எடுத்தாரு, ஒரே சீசன்ல அவ்வளவு அதுக்கு முன்னாடி யாருமே எடுத்ததில்ல, டெட்ராய்ட் அந்த வருஷம் 4 ஜெயிச்சு 12 தோத்துச்சு. இவங்க எல்லாரையும் கீழ தள்ளுற டேபிள் என்ன டேபிள்?

அடுத்த தடவ இந்த மாதிரி போட்டா, மோதிரத்துக்கு பக்கத்துல இன்னொரு கட்டம் சேத்து, அந்த ரிசீவருக்கு எத்தன குவார்ட்டர்பேக் பந்து எறிஞ்சாங்கன்னு போடுங்க. இடம் பத்தலன்னா மோதிரத்த எடுத்துருங்க.

இப்படிக்கு,
உங்க விளையாட்டுப் பக்க வாசகர் ஒருத்தர்