ஒரு சொட்டு ரத்தம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் செல்லுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டித் துணுக்குகளை ஒரு சொட்டு ரத்தத்தில் அளந்தே கருப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இருபது வருடத்துக்கும் மேல் நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். இந்த விஷயம் பத்திரிகை வரை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதழ் வந்த மூன்றாம் நாள் என் பெரியம்மா மகள் போன் செய்தார். "மாசாமாசம் வர்றது நின்னு ஆறு வருஷம் ஆச்சு, இப்ப திரும்ப லேசா ரத்தம் படுது. உள்ளே இருந்து துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி எடுக்கணும்னு சொல்றாங்க. அது எதுக்கு, பத்திரிகையில போட்டிருந்த அந்த ரத்த டெஸ்ட் எங்கே எடுக்கலாம், நீ சொல்லு" என்றார். அந்தப் போன்தான் என்னை எழுத வைத்தது.

முதலில் பெயர்க் குழப்பம். கட்டுரையின் நடுவில், கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசியும் வருகின்றன. அவை கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உரியவை. கட்டுரை பேச வந்ததோ கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய். இது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதிகமாகி, அதைச் சமன் செய்ய புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் போதாமல் போகும்போது வளர்வது. உடல் பருமன், வருடக்கணக்கில் ஒழுங்கில்லாத மாதவிடாய், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை, பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறி எல்லாம் இதன் பின்னணியில் இருக்கலாம். பாப் பரிசோதனை சரியாக இருந்தது என்பதால் உட்சுவர் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. 'கர்ப்பப்பைப் புற்றுநோய்' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டையும் சொல்லிக்கொண்டிருப்பதன் விளைவு இது.

இனி மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள துணுக்கு. மரபணு அனுப்பும் செய்தியில் போய் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாகாமல் அடக்கிவிடும். 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்தார்கள். 2024இல் நோபல் வந்தது. இதுவரை கட்டுரை சரி. ஆனால் இந்தத் துணுக்குகளை 'நல்லது', 'கெட்டது' என்று இரண்டு பட்டியல் போட்டிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. மிஆர்-200 குடும்பத்தையே பாருங்கள் ('மிஆர்' என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம், எண் அதன் அடையாளம்). செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருக்க உதவுவது அது. அது குறைந்தால் செல்கள் பிடியை விட்டு நகர ஆரம்பிக்கும், அதனால் பல புற்றுநோய்களில் அதற்கு நல்ல பெயர். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயிலோ அது கூடிக் கிடப்பதாகத்தான் ஆய்வுக்குப் பின் ஆய்வு சொல்கிறது. அதே உட்சுவர்த் திசு இடம் மாறி வளரும் எண்டோமெட்ரியோசிஸில் குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரே துணுக்கு, இடத்துக்கு ஒரு குணம்.

பிடென் என்ற மரபணு செல் வளர்ச்சிக்கு பிரேக் மாதிரி. மிஆர்-21 அந்த பிரேக்கை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, எனவே மிஆர்-21ஐத் தடுத்தால் நோய் அடங்கும் என்று கட்டுரை சொல்கிறது. இந்தப் புற்றுநோயின் மிகச் சாதாரணமான வகையில் பல கட்டிகளில் பிடென் மரபணுவே பழுதாகிக் கிடக்கும். பிரேக் ஒயரே அறுந்துபோன வண்டியில், பிரேக்கைத் தடுத்தவன் கையை எடுத்துவிட்டு என்ன பயன்?

மருந்து விஷயத்திலும் அவசரப்பட்டிருக்கிறீர்கள். மிஆர்-34இன் நகலை மருந்தாக்கி வேறு புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை, கடுமையான எதிர்ப்பாற்றல் விளைவுகளால் 2016இல் நிறுத்தவேண்டி வந்தது. அது ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

அப்புறம் அந்த ஒரு சொட்டு ரத்தம். குழாயில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே வைக்கோல் நிறத்தில் திரவம் நிற்கவேண்டும். ஊசி போட்டு எடுத்தபோது கொஞ்சம் இழுபட்டாலும், குழாயை வேகமாகக் குலுக்கினாலும், அது இளஞ்சிவப்பாக நிற்கும்; சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். சிவப்பணுவுக்குள் மிஆர்-451, மிஆர்-16 இரண்டும் குவிந்திருக்கின்றன. உடைந்தால் அளவு தாறுமாறாகும். வேடிக்கை என்னவென்றால், மற்றதை ஒப்பிட அளவுகோலாகப் பல ஆய்வுகள் எடுத்துக்கொண்டதே மிஆர்-16ஐத்தான்! ஓர் ஆய்வில் கிடைத்த பட்டியல் அடுத்த ஆய்வில் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். திசுவில் கதை வேறு. மெழுகில் பதித்த பழைய திசுக் கட்டியிலிருந்துகூட மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் எடுக்கலாம். அதனால் எனக்கு நம்பிக்கை இருப்பது பயாப்ஸிக்குப் பதிலாக அல்ல, பயாப்ஸியோடு சேர்த்து அதைப் பயன்படுத்துவதில்தான்.

இந்தப் புற்றுநோய் வரும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தப்போக்குதான் அறிகுறி. மாதவிடாய் நின்றபின் ரத்தம் படும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். இந்த இரண்டு வரியும் உங்கள் கட்டுரையில் இல்லை. இருந்திருந்தால் அக்கா பயப்படாமலும், தள்ளிப்போடாமலும் இருந்திருப்பார்.

அவர் போன வாரம் பயாப்ஸி எடுத்துக்கொண்டார். உறிஞ்சுகுழல் போல மெல்லிய பிளாஸ்டிக் குழாய், சில நிமிட வேலை, கொஞ்சம் இழுத்துப் பிடித்த வலி. முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

அடுத்த இதழில் திருத்தம் போட இடம் குறைவு என்றால், பாப் பரிசோதனை வரியை மட்டுமாவது திருத்துங்கள். படத்தில் இரட்டைச் சுருளைப் போட்டு 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' என்று எழுதியிருக்கிறீர்கள், அது டி.என்.ஏ. என்பதை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி