கிரேதோஸ் மலைக்கு ஒரே பெயர் வேண்டும்

ஸ்பெயின் வேளாண் அமைச்சகத்துக்கும், மத்ரித், காஸ்தியா இ லெயோன், காஸ்தியா-லா மாஞ்சா ஆகிய தன்னாட்சிப் பிரதேசங்களின் வேளாண் துறைகளுக்கும்,

வணக்கம். சென்ற அக்டோபரில் கிரேதோஸ் மலைச்சரிவில் ஒரு பெரியவரின் திராட்சைத் தோட்டத்தில் அறுவடைக்குக் கைகொடுத்தேன். அங்கே கண்டது மனதை விட்டு அகலாததால் எழுதுகிறேன்.

எல்லைச் சிக்கலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மலை ஒன்று, திராட்சையும் ஒன்று; அதன் மேல் உங்கள் மூன்று பிரதேசங்களின் எல்லைகள் ஓடுகின்றன. ஆனால் மத்ரித் பக்கம் விளைந்தால் ஒயினுக்கு ஒரு புவிசார் குறியீடு, காஸ்தியா இ லெயோனின் ஆவிலா பக்கம் செப்ரெரோஸ் என்ற குறியீடு, காஸ்தியா-லா மாஞ்சாவின் தொலேதோ பக்கம் மென்த்ரிதா என்ற குறியீடு. கிரேதோஸ் என்ற பெயரில் மட்டும் குறியீடு கிடையாது.

பெரியவருக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று ஆவிலாவில், மற்றது எல்லை தாண்டி மத்ரித்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகிறார். இரண்டிலும் உதிர்ந்த கிரானைட் மணல். இரண்டிலும் பந்தலும் கம்பியும் இல்லாமல் குட்டையாக நிற்கும், கிரனாஷ் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் பழைய கொடிகள். டிராக்டர் ஏறாத சரிவு என்பதால் கோவேறு கழுதை பூட்டித்தான் உழுகிறார். மத்ரித் பக்கத்துத் துண்டில் அந்த ஆண்டு விளைச்சல் குறைவு. அதை நொதிக்கத் தனித் தொட்டியில் போட்டால் தொட்டி பாதிகூட நிரம்பாது. நொதித்து முடிந்தபின் மேலே நிற்கும் காற்று ஒயினைக் கெடுத்துவிடும். கிரனாஷ் காற்றைத் தாங்காத திராட்சை என்பதை நீங்களும் அறிவீர்கள். ஆவிலாப் பழத்தோடு கலந்தால் தொட்டி நிரம்பும், ஆனால் இரண்டு குறியீடுகளும் போய்விடும். ஊர் பேர் இல்லாத ஸ்பெயின் ஒயினாகத்தான் அதை விற்க முடியும். ஆண்டு முழுக்க முதுகு வளைத்துப் பார்த்த பழத்தை அவர் மொத்த வியாபாரியிடம் கிலோ கணக்கில் எடை போட்டுக் கொடுத்தார். லாரி போன பிறகும் கூடைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

உங்கள் தன்னாட்சிப் பிரதேசங்கள் 1982, 1983 ஆண்டுகளில் உருவானவை. அந்தக் கொடிகளில் பல அதற்கு வெகுகாலம் முன்பே காய்த்தவை. கொடியைவிட இளைய எல்லைக்கோட்டுக்காகக் கொடி ஏன் தோற்க வேண்டும்? கொடியைப் பிடுங்கினால் பணம் என்று 2008 ஒயின் துறைச் சீர்திருத்தத்தை அடுத்து ஐரோப்பிய ஒன்றியம் மூன்று பருவங்களுக்கு அள்ளிக் கொடுத்தது. பிடுங்குவதற்கு எல்லைகள் தாண்டிய ஒரே திட்டம் சாத்தியமானது. காப்பதற்கு மட்டும் மூன்று அலுவலகங்கள் ஏன்? ஊரில் இளைஞர்கள் தங்குவதில்லை என்று வருந்துகிறோம். தோட்டத்துக்கு ஒரு பெயரைக்கூடத் தர முடியாதபோது எதை நம்பி அவர்கள் தங்குவார்கள்?

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

இந்த ஒயினுக்குப் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சமவெளி வெயிலில் கிரனாஷ் சர்க்கரை ஏறிக் கனத்துப் போகும். ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. பழம் நிதானமாகப் பழுக்கிறது. காம்போடு நொதிக்கவிட்டு, அதிகம் பிழியாமல், பழைய பெரிய மரப்பீப்பாயில் வைத்தால் கிடைப்பது கிண்ணத்தின் மறுபக்கம் தெரியும் மெல்லிய சிவப்பு. அதில் காட்டு ஸ்ட்ராபெரியின் மணமும், ஆரஞ்சுத் தோலின் மணமும், மழை நனைத்த கல்லின் வாசனையும் இருக்கும். கொமாந்தோ ஜி என்ற ஒயின் தயாரிப்பாளர்கள் போன்றவர்கள் 2008 முதல் இதை உலகுக்குக் காட்டிவிட்டார்கள். வாங்குபவர்கள் கிரேதோஸ் என்றே கேட்கிறார்கள். குறியீட்டில்தான் அந்தப் பெயர் இல்லை.

சட்டம் தடையாக இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பிரதேசங்களில் பரவிய குறியீடுகளுக்காகவே 2015இன் 6ஆம் எண் சட்டம் இருக்கிறது. ரியோஹா ஒயின் குறியீடு பல பிரதேசங்களில் பரவியும் ஒரே பெயரில் நிற்கிறது. ஹுமியா குறியீடு முர்சியாப் பிரதேசத்திலும், காஸ்தியா-லா மாஞ்சாவின் அல்பாசேத்தேயிலும் கால் வைத்திருக்கிறது. கிரேதோஸுக்கு மட்டும் ஏன் முடியாது?

மூன்று துறைகளும் விவசாயிகளை ஒரே மேசையில் உட்காரவைத்து, கிரேதோஸ் என்ற ஒரே பெயருக்குக் கூட்டு விண்ணப்பம் எழுத உதவுமாறும், அமைச்சகம் அதைத் தாமதமின்றிப் பரிசீலிக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இப்போதுள்ள மூன்று பெயர்களும் அப்படியே இருக்கட்டும். எவரிடமிருந்தும் எதையும் பறிக்கச் சொல்லவில்லை. முதல் கூட்டத்தையாவது அடுத்த அறுவடைக்கு முன் கூட்டுங்கள். பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கோவேறு கழுதைக்கும் வயதாகிறது.

இப்படிக்கு,
அந்தச் சரிவில் கூடை சுமந்த ஒருவன்