அது அதிர்ஷ்டம் இல்லை, ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியில் கிளம்பி, திருச்சியிலேயே திரும்பி இறங்கிய ஷார்ஜா விமானத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த நினைவுக் கட்டுரையைப் படித்தேன். "அதிர்ஷ்டவசமாக 141 பயணிகளும் உயிர் தப்பினர்" என்று முடித்திருந்தீர்கள். அந்த முதல் சொல் மூன்று நாளாக எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. விமானப் பராமரிப்பில் முப்பத்தோரு ஆண்டு இருந்தவன் நான். பெரும்பாலும் ஹைட்ராலிக், லேண்டிங் கியர் (இறங்கும் சக்கரங்கள்) வேலைதான். உங்கள் பத்திரிகையை அதைவிட அதிக காலமாக வாங்கிப் படிக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அன்று ஆயுத பூஜை. என் பழைய ஸ்பானர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். ஒரே விமானம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஏதோ பழுது, இறங்குவதற்கு முன் எரிபொருளைச் செலவழித்து எடையைக் குறைக்கிறார்கள். கீழே வந்தால் பக்கத்து வீட்டு அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் அந்த விமானத்தில் இருந்தான். "அண்ணே, பெட்ரோல் தீந்தா விழுந்துடும்ங்கிறாங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு வாக்கியம் ஆறுதல் சொல்வேன், டிவி பத்து வாக்கியம் கத்தும். இரவு எட்டேகால் வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது. அந்த அம்மாவை ரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் கவரைப்பேட்டை ரயில் விபத்துச் செய்தி வந்தது, கேமராக்கள் அங்கே போய்விட்டன. அது நியாயம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் பயமுறுத்தியவர்கள், மேலே என்ன நடந்தது என்று அவருக்கு இரண்டு நிமிடமாவது விளக்கியிருக்க வேண்டாமா? மறுநாள் காலைப் பத்திரிகைகள் செய்யும் என்று நினைத்தேன். நீங்களும் செய்யவில்லை.

அன்று அந்த விமானத்தில் பழுதானது ஹைட்ராலிக். ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தம். சக்கரத்தை மடக்குவது, பிரேக், இறக்கையின் மடல்கள் எல்லாம் அதில்தான் வேலை செய்கின்றன. அந்த போயிங் 737-இல் இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு, அவற்றுக்கு மேல் அவசரத்துக்கு ஒன்று. அழுத்தம் போய் சக்கரம் இறங்காவிட்டால், துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு மூடி இருக்கும். திறந்தால் மூன்று கைப்பிடிகள். இழுத்தால் கொக்கி விடுபடும், சக்கரம் தன் பாரத்திலேயே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அந்தக் கொக்கிகளுக்கு என் கையால் எத்தனை முறை கிரீஸ் வைத்திருப்பேன்! திருச்சியில் அன்று சக்கரம் சரியாகவே இறங்கியது.

விமானம் எரிபொருளை வானில் கொட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 737-இல் கொட்டும் வசதியே கிடையாது, ஐயா. ஏறக்குறைய 79 டன் வரை எடையோடு ஏறலாம், இறங்குவதற்கான உச்ச எடையோ சுமார் 66 டன். எரித்துத்தான் குறைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த வட்டங்கள். நீங்கள் எழுதியது போல அது "தத்தளிப்பு" இல்லை. செக்லிஸ்டை வரி வரியாகப் படித்து, விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிடம் பேசி, கீழே தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்கக் காத்திருந்த நேரம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, இறங்க வந்த ஒரு விமானத்தில் சக்கரங்கள் இறங்கிப் பூட்டியதைக் காட்டும் மூன்று விளக்குகளில் இரண்டு மட்டும் பச்சை காட்டின, மூன்றாவது எரியவில்லை. கேப்டன் இறங்காமல் மேலே ஏறிவிட்டார். டவரில் இருப்பவர்கள் சக்கரத்தைப் பார்ப்பதற்காக ஒருமுறை தாழ்வாகப் பறந்து காட்டினார். நாற்பது நிமிடம் கழித்து இறங்கினார். சக்கரம் பூட்டித்தான் இருந்தது, சென்சார் கம்பி ஒன்று உராய்ந்து அறுந்திருந்தது. டார்ச்சோடு நான் அடியில் குனிந்திருந்தபோது படியில் இறங்கிய ஒரு பயணி, "எங்க உயிரோட விளையாடுறீங்களா?" என்று கேட்டார். அவரைக் காத்த வேலையைத்தான் அவர் விளையாட்டு என்றார். இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லப்பட்ட கதையும் ஒரு விளக்கைப் பற்றியதுதான். 1972 டிசம்பர் 29 இரவு மயாமியில் இறங்க வந்த விமானத்தில் முன்சக்கர விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் எல்லோருடைய கவனமும் அந்த பல்பிலேயே இருந்தது. விமானம் மெல்ல இறங்குவதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா கேட்டதும் அறியாமைக் கேள்வி இல்லை. 1978-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே சுற்றிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டு, மற்றவர் பழுதைப் பார், தயங்காமல் வாய்விட்டுச் சொல் என்கிற பயிற்சியெல்லாம் அந்தச் சாவுகளிலிருந்து வந்தது. திருச்சியில் 141 பேர் வீடு போய்ச் சேர்ந்தது அந்தப் பயிற்சியால். அதை அதிர்ஷ்டம் என்று எழுதலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கனமானது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நல்ல மழை. இறங்க வந்த ஒரு விமானத்தில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் நின்றுபோனது. முதல் முறை மேலே ஏறிவிட்டார்கள். இரண்டாவது முறை வைப்பர் மெதுவாக ஓட, பின்னாலிருந்து தள்ளும் காற்றில், 8,858 அடி ரன்வேயில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டது. துணை விமானி மறுபடி ஏறச் சொல்லியிருந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடி விழுந்து, இரு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போனார்கள். இறந்தவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் மேலே ஏறிச் சுற்றுவதையே ஆபத்து என்று ஊர் முழுக்கப் பரப்பினால், அடுத்த விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் "சீக்கிரம் இறக்கு" என்றுதான் வேண்டிக்கொள்வார்கள்.

அதிர்ஷ்டம் என்ற சொல் உங்களுக்குத் தேவைதான் என்றால் 2018 அக்டோபர் 12-க்குப் போடுங்கள். அன்று இதே திருச்சியில் துபாய் விமானம் கிளம்பும்போதே சுற்றுச்சுவரை இடித்து, அடிப்பாகம் கிழிந்தபடி 136 பேரோடு பறந்து மும்பையில் இறங்கியது. அப்போதே பராமரிப்பைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. அதற்கு முன்பு எழுதிய இரண்டும் அப்படித்தான். பரவாயில்லை.

நான் கேட்பது சிறியது. எரிபொருள் பற்றிய பிழைக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி ஒரு விமானம் பழுதோடு சுற்றினால், "எடையைக் குறைத்துப் பாதுகாப்பாக இறங்கச் சுற்றுகிறது" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் அடுத்த மாதம் விடுமுறை முடிந்து ஷார்ஜா கிளம்புகிறான். அதற்கு முன் அந்தத் திருத்தம் வந்தால் அவருக்கு நானே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புத் தொழிலாளி,
திருச்சிராப்பள்ளி