விருது வாங்கிய படத்தின் பிரதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய விருதுகள் அறிவிக்கும்போதெல்லாம் எந்த இயக்குநருக்கு இதுவரை எத்தனை என்று கணக்குப் போடுகிறோம், நாளிதழ்களும் அதைப் பெட்டிச் செய்தியாகப் போடுகின்றன. போடட்டும், தவறில்லை. இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திராவின் பட்டியலை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1977இல் கன்னடத்தில் எடுத்த ‘கோகிலா’தான் அவர் இயக்கிய முதல் படம். அதற்கு ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது. ‘மூன்றாம் பிறை’யில் கமல்ஹாசன் சிறந்த நடிகர், இவருக்கு மறுபடியும் ஒளிப்பதிவு விருதுதான். ‘வீடு’ சிறந்த தமிழ்ப் படம், அர்ச்சனா சிறந்த நடிகை. ‘வண்ண வண்ண பூக்கள்’ படமும் சிறந்த தமிழ்ப் படமானது. ‘சந்தியா ராகம்’ படத்தைக் குடும்ப நலப் பிரிவில் போட்டுவிட்டார்கள்; மனைவியை இழந்து, ஊரை விட்டு வந்து, கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போகும் ஒரு கிழவரின் கதை அது! ‘தலைமுறைகள்’ படத்துக்கு, தேசிய ஒருமைப்பாட்டுப் படத்துக்கான நர்கிஸ் தத் விருதை அறிவித்தபோது பாலு மகேந்திரா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இத்தனையிலும் சிறந்த இயக்குநர் என்ற தேசிய விருது அவருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அவரிடம் உதவியாளர்களாக இருந்த பாலா ‘நான் கடவுள்’ படத்துக்கும் வெற்றிமாறன் ‘ஆடுகளம்’ படத்துக்கும் அதை வாங்கினார்கள். அவர் கேமராவைத் தானே பிடித்ததால் ‘நல்ல ஒளிப்பதிவாளர்’ என்ற இடத்திலேயே நடுவர்கள் நின்றுவிட்டார்களோ என்று எனக்கு எப்போதும் தோன்றும். சரி, விருது நடுவர்களின் கையில் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். எனக்கு ஆறாத வேறொரு விஷயம் இருக்கிறது.

‘வீடு’ படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருவார். பூசாத சுவரைத் தடவித் தடவி ஒவ்வொரு அறையாக நடப்பார், ஒரு வசனமும் கிடையாது, பின்னால் இளையராஜாவின் இசை மட்டும். வீடு முடிவதைப் பார்க்காமலே திரும்பும் வழியில் இறந்துபோவார். இந்தக் காட்சியை இன்றைக்கு இணையத்தில் தேடிப் பாருங்கள், முகம் எது சுவர் எது என்று தெரியாத ஒரு மங்கல் பிரதிதான் கைக்கு வரும். இருக்கும் வெளிச்சத்திலேயே படம் எடுப்பதில் பேர் வாங்கிய ஒருவரின் படத்துக்கு இந்த நிலை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டுக்கும் நெகட்டிவ், அதாவது பிரதி எடுக்க உதவும் மூலச் சுருள், இல்லாமல் போய்விட்டது என்று அவரே பல மேடைகளில் வருத்தப்பட்டுப் பேசினார், தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டபடியே போயும் சேர்ந்துவிட்டார்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. மலையாளத்தில் அரவிந்தன் இயக்கிய ‘தம்பு’ 1978ஆம் வருடத்துப் படம், அதற்கும் மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. ஆனால் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரிண்ட் பத்திரமாக இருந்தது, அதை வைத்து, பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு படத்தை மீட்டெடுத்து 2022இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. பிரிண்ட் தப்பியதால் நடந்தது இது.

அதனால், விருதுக்குத் தேர்வாகும் ஒவ்வொரு படத்துக்கும் தரமான பிரதி ஒன்றை அரசுச் செலவிலேயே எடுத்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்பதையும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். டிஜிட்டலில் எடுத்த படங்களுக்கும் இது தேவை, ஹார்டு டிஸ்க் ஃபிலிமைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். மாநில அரசு விருது பெற்ற படங்களுக்கும் சென்னையில் இதைச் செய்யலாம். அப்புறம் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை விருதுப் பட்டியல் போடும்போது, பழைய விருதுப் படங்களில் எவற்றுக்கெல்லாம் நல்ல பிரதி இருக்கிறது என்று உங்கள் நிருபர் ஒருவரை விசாரிக்கச் சொல்லி அதையும் சேர்த்துப் போடுங்கள். ‘வீடு’ படத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்