உலோகம் நீங்கவில்லை, கல்லுக்குள் முடங்கியிருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களால் கெட்டுப்போன மண்ணையும் நீரையும் நொதிகள் என்னும், வேதிவினைகளை விரைவாக்கும் புரதங்களைக் கொண்டு சீர்செய்யும் முறையைப் பற்றி அண்மைக் காலமாகச் செய்திகள் வருகின்றன. வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அவற்றை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஆனால், அவற்றில் 'உலோகம் அகற்றப்படுகிறது' என்ற தொடரைக் காணும்போதெல்லாம் மனம் ஒப்ப மறுக்கிறது. இம்முறையால் மண்ணிலிருந்து ஒரு கிராம் காரீயம்கூட வெளியேறுவதில்லை. நீரில் கரைந்து எங்கும் பரவக்கூடியதாக இருந்த உலோகம், எளிதில் கரையாத கனிமமாகி இருந்த இடத்திலேயே முடங்குகிறது, அவ்வளவுதான். இது வெறும் சொல் வேறுபாடு அன்று என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இம்முறையின் மையத்தில் இருப்பது யூரியேஸ் என்னும் நொதி. 1926ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து விதையிலிருந்து இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். படிக வடிவில் கிடைத்த முதல் நொதி இதுவே; அதன் பொருட்டு 1946ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மண்ணில் இதனோடு சேர்க்கப்படும் யூரியாவை இந்நொதி நீரோடு வினைபுரியச் செய்து, ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் இரண்டு அம்மோனியத்தையும் ஒரு கார்பனேட்டையும் உண்டாக்குகிறது. கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7க்கு மேல் காரம்) 9ஐ நெருங்குகிறது. உடன் கால்சியம் குளோரைடையும் சேர்த்திருந்தால், மண் துகள்களுக்கு நடுவே கால்சியம் கார்பனேட் படிகங்கள் வளரத் தொடங்குகின்றன. காட்மியம் அயனி ஏறத்தாழ கால்சியம் அயனியின் அளவே இருப்பதால், வளரும் படிகத்துக்குள் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. காரீயமும் துத்தநாகமும் தனிக் கார்பனேட்டுகளாகவும் படிகின்றன.

இதே வேலையைப் பாக்டீரியாக்களைக் கொண்டும் செய்கிறார்கள். அவற்றின் உடல் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதால் களிமண்ணின் நுண்துளைகளுக்குள் புக முடிவதில்லை. உலோக நஞ்சு மிகுந்தால் அவை மடிந்தும் போகின்றன. நொதி மூலக்கூறோ பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர்தான். அதற்கு உணவு வேண்டாம், உயிர்வளி வேண்டாம், வேலை முடிந்தபின் மண்ணிலேயே சிதைந்துபோகும். தூய நொதியின் விலை அதிகம் என்றாலும், விதையை அரைத்து ஊறவைத்து வடிகட்டிய சாறே பல பணிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. இவை உண்மையான நன்மைகள். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சாற்றையும் உலோகம் முடக்கும். மாணவர்களுக்கு நான் செய்து காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. யூரியா கரைசலில், காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீனில் இரண்டு சொட்டு விட்டு, வாளவரைச் சாற்றை ஊற்றினால், சில நிமிடங்களில் கரைசல் இளஞ்சிவப்பாகி, குழாய் வாயில் அம்மோனியா நெடி ஏறும். இன்னொரு குழாயில் முதலிலேயே சிறிது தாமிர சல்பேட் கலந்துவிட்டு அதே சாற்றை ஊற்றினால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த நிறம் வராது. தாமிரம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பாதரசமும் வெள்ளியும் அப்படித்தான். தாமிரம் குறைவாக இருந்து நொதி தப்பிப் பிழைத்தாலும், விளையும் அம்மோனியாவோடு தாமிரம் இணைந்து மீண்டும் கரைசலிலேயே தங்கக்கூடும். ஆர்சனிக், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆகியவற்றின் கதை வேறு. அவை நீரில் பெரும்பாலும், கார்பனேட்டைப் போலவே, எதிர்மின் அயனிகளாக உலவுவதால் கார்பனேட்டாகப் படிவதே இல்லை, பி.எச். உயரும்போது, இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருந்த ஆர்சனிக் பிடி தளர்ந்து நீருக்குள் இறங்கவும் கூடும். ஆகவே எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் இம்முறையை ஓரிடத்தில் கையாள்வது ஆபத்தானது.

செய்திகளில் சற்றும் பேசப்படாதது அம்மோனியம். கணக்கு எளிது: 60 கிராம் யூரியா முழுமையாகச் சிதைந்தால் 36 கிராம் அம்மோனியம் பிறக்கிறது. ஒரு கிலோ யூரியாவுக்கு 600 கிராம். மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் அதை முழுவதும் நைட்ரேட்டாக மாற்றினால் இரண்டு கிலோவுக்கு மேல் நைட்ரேட் கிடைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. அப்படியானால் ஒரே ஒரு கிலோ யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட், 40,000 லிட்டர் தூய நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது. காட்மியத்தைக் கட்டிவைத்துவிட்டு நிலத்தடி நீரில் நைட்ரேட்டை இறக்கிவிட்டால், அந்த நீரைக் குடிப்பவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? மண்ணைக் கழுவிய நீரைச் சேகரித்து, மக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்த்து அம்மோனியத்தை உரமாக மீட்கும் வழி இருக்கிறது. அதற்கான செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்தே காட்ட வேண்டும்.

அடுத்தது அமிலம். சோதனைக் குழாயில் படிந்த வெண்ணிறப் படிவின்மேல் சில சொட்டு வினிகர் விட்டால், அது நுரைத்துக் கரைவதைக் கண்முன் பார்க்கலாம். மண்ணிலும் அதே வேதியியல்தான்: அமில மழை, சுரங்கக் கழிவுநீர், தாவர வேர்கள் சுரக்கும் கரிம அமிலங்கள் ஆகியவை கார்பனேட்டை மெல்ல மெல்லக் கரைக்க வல்லவை. மண்ணிலுள்ள உலோகத்தை மேலும் மேலும் வலுவான கரைசல்களால் படிப்படியாகப் பிரித்தெடுக்க டெஸியர் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1979இல் வகுத்த முறையில் ஐந்து படிகள் உண்டு. துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் உலோகம் முதற்படியில் விடுபடுகிறது. கார்பனேட்டோடு சேர்ந்த உலோகமோ இரண்டாம் படியிலேயே, பி.எச். 5 அளவிலான மென்மையான கரைசலுக்கே, கைவிட்டுப் போய்விடுகிறது. 'நிரந்தரத் தீர்வு' என்று எழுதுவோர் இந்த இரண்டாம் படியை நினைவில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரீயம் மிகுந்த, அமிலத்தன்மை கொண்ட மண்ணுக்கு, யூரியேஸுக்குப் பதிலாகப் பாஸ்பட்டேஸ் வகை நொதிகளைக் கருதிப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அவை கரிமப் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. குளோரைடும் உடனிருந்தால் காரீயம் அதனோடு சேர்ந்து பைரோமார்பைட் என்னும் கனிமமாகிறது. அது காரீயக் கார்பனேட்டைவிட மிக மிகக் குறைவாகக் கரைவது. அம்மோனியத் தொல்லையும் இதில் இல்லை. மிஞ்சும் பாஸ்பேட் நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கும் என்பதால் அங்கும் அளவு முக்கியம்.

எனவே, இம்முறையில் பணி செய்ய முன்வரும் எவரும் மூன்று விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என விதி செய்யப்பட வேண்டும். பணிக்கு முன்னும் பின்னும் மண்ணிலுள்ள மொத்த உலோகத்தின் அளவு முதலாவது. மண்ணை அமிலக் கரைசலில் இட்டால் எவ்வளவு உலோகம் வெளியேறுகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையின் முடிவு இரண்டாவது. உண்டான அம்மோனியம் எங்கே போனது என்பதற்கான கணக்கு மூன்றாவது. கசிவுச் சோதனையை ஒரு முறையோடு நிறுத்தாமல், அந்த நிலத்தில் எவரேனும் பயிரிடவோ குடியிருக்கவோ செய்யும் காலம் முழுவதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது 'அகற்றப்பட்டது' என்பதை விடுத்து 'முடக்கப்பட்டது' என்று எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அகற்றிவிட்டதாக எண்ணப்படும் நிலத்தை யாரும் மறுபடி சோதிக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்